செண்பகக்காவின் அளவு பிளவுஸ்

இன்றைக்கும் என்னைப் பொறாமைப்பட வைக்கிற என் செண்பகக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கரமனை வீட்டின் முன்னறையில் நம் தையல் கடை இன்னும் நடக்கிறது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் நாம். நீங்கள் வெட்டித் தைத்தீர்கள், நான் பட்டன், கொக்கி வைத்தேன். இப்போது இரண்டும் நான்தான். ஆனால் அந்த மேசையை என் மேசை என்று யாரும் நினைக்கவில்லை.

வருகிறவர்கள் புதுத் துணியோடு ஒரு பழைய பிளவுஸையும் அளவுக்கு வைக்கிறார்கள். எல்லாம் நீங்கள் வெட்டியவை. "இதே போல" என்கிறார்கள். ஊரில் எத்தனை பீரோக்களில் இருக்கிறீர்கள் அக்கா?

போன மாதம் சரோஜா டீச்சர் வந்தார். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் பிளவுஸ். நான் டேப்பை எடுத்ததுமே கையைப் பிடித்துக்கொண்டார்.

"அளவெல்லாம் எதுக்கு மீனா? ஒண்ணும் யோசிக்காண்டாம். செண்பகம் தச்சது இருக்குல்லா, அதைப் பாத்து வெட்டினாப் போரும், கேட்டியா?"

கையோடு கொண்டுவந்த அந்தப் பிளவுஸ் அவர் ரிடையர் ஆன அன்று போட்டதாம். அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு நூல் தொங்கவில்லை. லைனிங் மேல்துணியோடு ஒரே சீராகப் படிந்திருந்தது. மார்புப் பக்கம் மடித்துப் பிடிக்கிற டாட்டின் முனை சுருங்காமல் துணிக்குள் கரைந்திருந்தது. பிற்பாடு பிரித்துத் தளர்த்திக்கொள்ள இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி மடித்திருந்தீர்கள். யாரும் பார்க்காத இடத்தில் எதற்கு இவ்வளவு அழகு? எனக்கு வயிறு எரிந்தது.

அப்படியே வெட்டினேன். ஒரு நூல் அகலம்கூட மாற்றவில்லை. இப்படி வெட்டியும் சரியாக வராவிட்டால் கடையைப் பூட்டிவிடுவது என்று உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லியும் விட்டேன். "பூட்டுகதுக்கு முன்னாடி என் சட்டைக்கு ஒரு பட்டன் வச்சுத் தந்திரு" என்றார். அவரை உங்களுக்குத் தெரியும்.

டீச்சர் போட்டுப் பார்த்தார். முன்னால் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. முதுகில் ஏறிக்கொண்டது. கையைத் தூக்கினால் அக்குள் பிடித்தது.

"செண்பகம் தச்சது இப்பிடி இல்லையே மோளே."

எனக்கு வந்த கோபத்தில், "அப்போ அதைப் போடுங்க டீச்சர், பாப்போம்" என்றேன். போட்டார். அதே சுருக்கம், அதே ஏற்றம், அதே பிடிப்பு.

"இதும் பிடிக்கும்தான். ரெண்டு வருஷமாட்டு பிடிக்குது," என்றார் டீச்சர், கொஞ்சம் வெட்கத்தோடு. "பின்ன, செண்பகம் தச்சதாச்சே. நம்ம உடம்புலதான் குத்தம்னு இருந்துட்டேன்."

கேட்டீர்களா அக்கா? நீங்கள் வெட்டியது பிடித்தால் உடம்பில் குற்றம். நான் வெட்டியது பிடித்தால் என்மேல் குற்றம். அன்றைக்கு உங்களை நான் வெறுத்தேன். நீங்கள் இருந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். இல்லாதவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

உங்கள் பிளவுஸை மடித்து டீச்சரின் பையிலேயே வைத்தேன். "நேரா நில்லுங்க" என்றேன். அவரால் நேராக நிற்க முடியவில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். முதுகு லேசாக வளைந்துவிட்டது. வளைவின் மேலேயே டேப்பை ஓட்டினேன். பின்பக்கத்தை நீளமாக்கி, முன்பக்கத்தைக் குறைத்து, டாட்டைக் கீழே இறக்கி, கைக்குழியைப் புதிதாக வளைத்து வெட்டினேன். பட்டு மிச்சம் இருந்தது நல்லகாலம்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். எங்கும் இழுக்கவில்லை. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"செண்பகம் இருந்திருந்தா இப்பிடித்தான் தச்சிருப்பா," என்றார்.

சிரிக்காதீர்கள் அக்கா. அன்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே இப்படித்தான் வெட்டியிருப்பீர்களா? நான் தேடிப்பிடித்த அந்த வளைவை வாசலில் நுழையும்போதே பார்த்திருப்பீர்களா? ஒரே ஒரு தடவை, "இல்ல மீனா, எனக்கு இது தோணியிருக்காது" என்று சொல்லிவிடுங்களேன்.

சொல்ல மாட்டீர்கள். சரி. கடையைப் பூட்டப் போவதில்லை. உங்கள் பிளவுஸை யார் கொண்டு வந்தாலும் மடித்துக் கையில் கொடுத்துவிட்டு ஆளைத்தான் அளப்பேன். இது சத்தியம். பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். உங்களோடு எனக்கு மிச்சம் இருக்கிற பேச்சு அது ஒன்றுதான்.

உங்கள் ஓரகத்தி,
நீங்கள் ஒரு நாளும் அப்படிச் சொல்லாமல் தங்கச்சி என்றே கூப்பிட்ட
மீனா