எல்லாக் கட்டத்திலும் நூறு

ஜனவரி 5, சனி

காலையிலேயே வெயில். போர்வை துவைத்தேன், பத்து மணிக்குள் காய்ந்தது.

இவருடைய தங்கை அம்பிகா காரோடு வந்தாள். முகம் சரியில்லை. விதுராவுக்கு அப்பால் ஓர் எஸ்டேட் ரோட்டில் 27ஆம் தேதி மலையேற்றக் கார்ப் போட்டி, இவளும் பெயர் கொடுத்திருக்கிறாள். நேற்றுப் பயிற்சிக்காகப் பொன்முடி மலைக்குப் போனாளாம். அடிவாரத்தில் கல்லாறு வரை ஒரு குறையும் இல்லை. வளைவுகள் தொடங்கியதும் கரும்புகை, இன்ஜினுக்கு இருமல். உச்சிக்குப் போவதற்குள் சுற்றுலா ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இவளைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்த ஹாரன்தான் இன்னும் காதில் கேட்கிறதாம்.

போன வருஷம் இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி அமைத்துக் கொடுத்தவர் கொச்சியில் இருக்கும் தாமஸ் சேட்டன். அவரிடம் போனில் பேசினாள். வண்டியைக் கொண்டு வா, பிப்ரவரியில் பார்க்கலாம் என்றாராம்.

"மதினி, நீங்க எலக்ட்ரானிக்ஸ்தானே? ஒருக்கா பாருங்களேன்."

"பாலிடெக்னிக் லேப்ல மீட்டர் எடுத்துக் குடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிறவ நான். அதுவும் பதினோரு வருஷமா."

"அப்போ மீட்டரைப் பாக்கத் தெரியும்லா?"

காரை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 7, திங்கள்

கார் கம்ப்யூட்டரோடு லேப்டாப்பை இணைக்கத் தோதான பழைய கனெக்டர் ஒன்று லேபில் கிடைத்தது. மதிய இடைவேளையில் கேபிள் சாலிடர் பண்ணினேன். விரல் சுட்டுக்கொண்டது. மாலையில் காருக்குள் உட்கார்ந்து லேப்டாப்பை இணைத்தேன். திரையில் எண்கள் ஓடின. கத்திவிட்டேன். இவர் சட்னி அரைத்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு ஓடிவந்தார், ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து.

புரிந்தவரை:
- பெரிய டேபிள் ஒன்று. எந்த வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தால், எவ்வளவு பெட்ரோல். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்.
- இன்னொரு டேபிள், ஸ்பார்க் பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்பதற்கு. டைமிங். இதைத் தொடப் பயம்.
- புகைக்குழாயில் ஒரு சென்சார், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்ட. முழுசாக மிதிக்கும்போது அதன் மீட்டர் 12, 12 ½ காட்டினால் நல்லது. 10 பக்கம் போனால் பெட்ரோல் கூடுதல், கரும்புகை. 14 பக்கம் போனால் குறைவு, இன்ஜின் வெந்து போகும்.

சட்னியில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஜனவரி 8, செவ்வாய்

தாமஸ் சேட்டனுக்கு நானே போன் செய்தேன். முறைப்படி சொல்லிவிட வேண்டும் என்று. மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறார்.

"சேச்சி, அது தொடண்டா. ஒரு நம்பர் தெற்றியால் பிஸ்டன் ஓட்டையாகும். பின்னே என்னைக் குற்றம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"எத்தனை கார் டியூன் செஞ்சிட்டுண்டு?"

"இதுதான் முதல்."

அங்கே யாரிடமோ மலையாளத்தில் ஏதோ சொன்னார். பிறகு, "சரி. பழைய ஃபைல் ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு மட்டும் செய்யணும்" என்றார். வைத்துவிட்டார்.

மூன்று காப்பி எடுத்தேன். ஒன்று சி.டி.யில். அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன், ஏன் அங்கே என்று தெரியவில்லை.

ஜனவரி 12, சனி

இரண்டாம் சனி, லீவு. விடியும் முன்பே கிளம்பினோம். அம்பிகா ஓட்ட, நான் மடியில் லேப்டாப். இட்லிப் பொட்டலம், நோட்டு, பேனா இரண்டு, வாந்தி மாத்திரை.

முழுசாக மிதித்தபோது மீட்டர்:
விதுரா 12.1
கல்லாறு 12
ஒன்பதாம் வளைவு 11.4
உச்சி 10.7

உச்சியில் பனி, குளிர். டீ குடித்துக்கொண்டே எண்களைப் பார்த்தேன். மேலே போகப்போகக் காற்று இலேசாகிறது. இன்ஜின் கம்ப்யூட்டர் மட்டும் கொச்சியில் ஊற்றிய அதே பெட்ரோலை இங்கேயும் ஊற்றிக்கொண்டிருக்கிறது! இதற்கென்று ஒரு டேபிள் இருக்க வேண்டுமே என்று தேடினேன். நாலாவது மெனுவுக்குள் இருந்தது. காற்றழுத்தம் குறைந்தால் பெட்ரோலை எத்தனை சதவீதமாக்க வேண்டும் என்று. எல்லாக் கட்டத்திலும் நூறு. நூறு, நூறு, நூறு. கடலோரத்தில் வைத்து டியூன் செய்தவருக்கு இதைத் தொடத் தேவையே வந்திருக்காது.

"அம்பிகா! கண்டுபிடிச்சிட்டேன்!"

"எது, கம்மலா?" காலையில் ஒரு கம்மலைத் தொலைத்திருந்தாள்.

உச்சிக்கான கட்டத்தில் 88 போட்டு, நடுவில் படிப்படியாக இறக்கினேன். கல்லாறு வரை இறங்கி மறுபடி ஏறினோம். புகை இல்லை. இருமல் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அம்பிகா "அடிபொளி, அடிபொளி" என்று கத்திக்கொண்டே வந்தாள். நானும் கத்தினேன். முப்பத்தெட்டு வயசு.

கம்மல் சீட்டுக்கடியில்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. இரண்டு கட்டுக் கரும்பு வாங்கியது அதிகம்.

பொங்கல் இறக்கும்போதும் மனசு டேபிளில்தான். 88க்கே இப்படி இழுத்தது என்றால் இன்னும் குறைத்தால்? இவரிடம் சொன்னேன். "உனக்குப் பேராசை வந்துட்டு, கோமதி" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஜனவரி 20, ஞாயிறு

கெட்ட நாளாக ஆரம்பித்தது.

மேலே 80, நடுவிலும் குறைத்தேன். முதல் நாலு வளைவு பறந்தது. ஐந்தாவதில் மூன்றாம் கியரில் மிதித்ததும் டிக் டிக் டிக். டப்பாவுக்குள் புளியங்கொட்டை குலுக்குவது போல. மீட்டர் 13.4. அம்பிகா உடனே காலை எடுத்துவிட்டாள், புத்திசாலி. பழையபடி 88 போட்டேன். சத்தம் குறைந்தது, போகவில்லை. அப்படியானால் போன வாரமும் இருந்திருக்கிறது. எங்கள் கத்தலில் கேட்கவில்லை.

ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அவள் மூன்று வருஷம் மருந்துக் கம்பெனி வேலையில் அலைந்து சேர்த்து வாங்கிய வண்டி.

"மதினி, வண்டி ஓடுதுல்லா. என்னத்துக்கு அழுதீங்க? அவருக்குப் போன் போடுவோம்."

"தொடாதேன்னு சொன்ன மனுஷன்."

"அதுக்கு? ஏச்சு கேட்டா தேய்ஞ்சா போயிருவோம்?"

செல்லில் ரேஞ்ச் இல்லை. அவள் இன்னொரு முறை ஏற்றி ஒரு கணம் மட்டும் மிதிக்க, அந்தச் சத்தத்தை என் செல்லில் பதிவு செய்தேன். பேட்டரி தீரும் நிலை. விதுராவுக்கு இறங்கி எஸ்.டி.டி. பூத். ரிசீவரில் செல்லை வைத்து ஓட்டினேன். பூத்காரர் எட்டிப் பார்த்தார். "இதெந்தா, குக்கரோ?"

தாமஸ் சேட்டன் மூன்று தடவை போடச் சொன்னார். ஏசவில்லை. என்னென்ன மாற்றினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நூறு என்று இருந்ததைச் சொன்னபோது, "ஐயோ. அது என் தப்பு" என்றார். பிறகு:

"பெட்ரோல் கூடுதல் இருந்தப்போ அந்தச் சத்தம் ஒளிஞ்சு கிடந்தது. நீங்க சரியாக்கினப்போ வெளியே வந்தது. பெட்ரோல் 88 அப்படியே இருக்கட்டே. டைமிங்ல அந்தச் சத்தம் வர்ற நாலு கட்டம் மட்டும் ரெண்டு டிகிரி பின்னாலே எடுக்கணும். பின்னே சேச்சி, ஒரு காரியம். இறுக்கிப் பிழியண்டா. ஓடற வண்டிதான் ஜெயிக்கும்."

நாலு கட்டம். இரண்டு தடவை சரிபார்த்து மாற்றினேன். ஏறினோம். கண்ணாடியை இறக்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, உச்சிவரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தம் இல்லை.

உச்சியில் இரண்டு ஆம்லெட் ஆளுக்கு.

ஜனவரி 26, சனி

காலேஜில் கொடியேற்றம், மிட்டாய். இவர் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். யாருக்காக என்றேன். "இன்ஜினுக்கு." சாமிக்கு விளங்குமா என்றேன். "டேபிள் நம்பர் எல்லாம் சொன்னேன்" என்கிறார்.

அம்பிகா தூக்கம் வரவில்லை என்று இங்கேயே படுத்திருக்கிறாள். குறட்டை.

ஜனவரி 27, ஞாயிறு

இலேசான மேகம். பெண்கள் பிரிவில் ஆறு வண்டி. அம்பிகா நாலாவதாகக் கிளம்பினாள். நான் மேலே, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில். வண்டியைப் பார்க்கும் முன்பே சத்தம் கேட்டது. சுத்தமான சத்தம், ஒரு பிசிறும் இல்லை. கடைசி வளைவில் பின்பக்கம் கொஞ்சம் வழுக்கியது. நிமிர்த்திவிட்டாள். கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்த்தான் நின்றாள்.

இரண்டாம் இடம். முதலாவது வந்த பெண் இவளைவிட நன்றாக ஓட்டினாள், அவ்வளவுதான். வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை.

தாமஸ் சேட்டன் வேறொருவர் காரோடு வந்திருந்தார். குட்டையான மனுஷன், போனில் கேட்டபோது உயரமாக நினைத்திருந்தேன். லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த டேபிளை மேலிருந்து கீழே வரை பார்த்தார். நான் பரீட்சைப் பிள்ளை மாதிரி நின்றேன்.

"சேச்சி, இது எனக்கு ஒரு காப்பி தருமோ? மூணாறுப் பக்கம் ரெண்டு கஸ்டமர் இதே கம்ப்ளெயின்ட் சொல்றாங்க."

சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் எடுத்தார். கொடுக்கிறேன், ஆனால் டைமிங் பார்ப்பது எப்படி என்று ஒரு நாள் கொச்சிக்கு வந்து கற்றுக்கொள்வேன் என்றேன். "ஞாயிறு வரணும், அன்னைக்குத் தொந்தரவு இல்லை" என்றார். போகும்போது கார்க்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். 'டியூனர்' என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

ஜனவரி 28, திங்கள்

அரை நாள் லீவு போட்டேன். உடம்பு வலி என்று எழுதிக் கொடுத்தேன், பொய்.

அம்பிகா கல்லாறில் வண்டியை நிறுத்தி, சாவியை என் மடியில் போட்டாள்.

"நீங்க ஓட்டவே இல்லையே, மதினி."

நான் ஊருக்குள் ஓட்டுகிறவள். மார்க்கெட், காலேஜ், கோயில். மலையில் ஓட்டியதில்லை. சொன்னேன். அவள் கேட்காமல் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

முதல் வளைவு இரண்டாம் கியர். இரண்டாவதும். லாரி ஒன்றுக்கு வழி விட்டேன். அப்புறம் நேரான ரோடு, ஆள் இல்லை. மூன்றாம் கியரில் முழுசாக மிதித்தேன்.

வண்டி இழுத்துக்கொண்டு மேலே போயிற்று!