தண்ணீருக்குள் ஒரு கோடு

இன்று காலை மாத்திரையைக் கரைத்து வைத்த கண்ணாடி டம்ளரில் ஓட்டுச் சந்து வழியே வெயில் விழுந்தது. தண்ணீருக்குள் வெள்ளையாய் ஒரு கோடு. குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். நீ கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, அப்பு.

உன் ரேடியோ ரிப்பேர் கடையை மருந்துக் கூடம் என்று யாரும் நினைக்க வழியில்லை. நீ நினைத்தாய். வயிற்றுப் புண்ணுக்கு வெள்ளித் தண்ணீர் நல்லது என்று எங்கோ படித்திருந்தாய். படித்ததை நம்பும் நோய் உனக்கு வயிற்றுப் புண்ணுக்கும் முந்தியது. உன் சிறுவயது வெள்ளி அரைஞாண் கொடியை இரண்டாக வெட்டி, மழைத் தண்ணீர் நிரப்பிய சீசாவில் தொங்கவிட்டு, ரேடியோ பேட்டரியோடு இணைத்தாய். வெள்ளி கண்ணுக்குத் தெரியாத தூளாய் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று அளக்க உன்னிடம் கருவி கிடையாது. கூரை ஓட்டில் ஒரு துளைதான் இருந்தது. அதன் வழியே விழும் வெயிலில் சீசாவை வைப்பாய். வெயில் போகும் பாதை தண்ணீருக்குள் கோடாகத் தெரிந்தால் பதம் சரி, பேட்டரியைக் கழற்றிவிடலாம்.

"கோடு தெரியுதா?"

"இல்லையே அப்பு."

"எனக்குத் தெரியிற மாதிரிதான் இருக்கு. ஆனா செஞ்சவன் கண்ணு ஆசப்படும். நீ அச்சாபீஸ்ல பிழை பாக்குற ஆளு, ஒன் கண்ணுதான் தராசு. செத்த நேரம் ஓடட்டும்."

தராசுக்கு அப்போதே பார்வை மங்கியிருந்தது. வடமதுரைக் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மணமகன் பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறியிருந்ததை நான்தான் சரிபார்த்து அனுப்பியிருந்தேன். கண்ணாடி போட்டால் வேலை போய்விடும் என்று பயம். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் "இல்லை" என்றேன். உன் "செத்த நேரம்" ஒவ்வொரு முறையும் சாயங்காலம்வரை ஓடியது. இரண்டு வருஷம் அதைக் குடித்தாய்.

முதலில் டீக்கடையில்தான் கேட்டார்கள்: "என்னப்பு, கிருஷ்ணர் வேசம் கட்டப் போறியா?" நானும் சிரித்தேன். எனக்கு நீ எப்போதும் போலத்தான் தெரிந்தாய்.

கடைசியில் கண்ணாடி வாங்கி, போட்டுக்கொண்டு நேரே உன் கடைக்கு வந்தேன். உன் முகம் மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில் இருந்தது; நகங்களும். நீ என் கண்ணாடியையே பார்த்தாய். பிறகு எழுந்து சீசாவை வெயிலில் வைத்தாய். உள்ளே சுண்ணாம்பு அடித்த கம்பு மாதிரி நின்றது வெளிச்சம்.

"இப்பத் தெரியுதா?"

"தெரியுது."

"எம்புட்டு நாளாத் தெரியல?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நீ சீசாவை வாசலில் கொட்டிவிட்டு வந்து, பாதியில் விட்ட ரேடியோவைக் கையில் எடுத்தாய்.

வெள்ளி தோலில் தங்கிவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, நிறம் மட்டும் போகாது என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான். ஏழெட்டு வருஷம் கழித்து நீ போனது வேறு நோயில். அதுவரை கேட்டவர்களிடமெல்லாம் "என் அளவுதான் தப்பிப் போச்சு" என்றாய். ஒரு முறைகூட என் பெயரைச் சொல்லவில்லை. உன் வீட்டில் மாட்டியிருக்கும் படம் கறுப்பு வெள்ளை. அதில் நீ எல்லோரையும் போலத்தான் இருக்கிறாய், என் பழைய கண்ணுக்குத் தெரிந்த மாதிரி.

டம்ளரை மறுபடி வெயிலில் பிடித்தேன். அறையில் யாரும் இல்லை. உரக்கவே சொன்னேன்:

"தெரியுது அப்பு. போதும், கழட்டிரு."