வெள்ளிக்கோளுக்கு எல்லைக்கல் நாட்டிய மைத்துனர்க்கு

நலம் பெருகுக, குடை நிழல் குளிர்க. மண்ணில் பிறந்தோருள் பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர் ஒருவரே என்றும், வானத்துக்கே சட்டம் வகுத்தவரும் அவரே என்றும் போற்றப்படும் மருதவாள் நாட்டு வேந்தர் ஆழிக்கோடனார், தம் தங்கை கணவரும் வேங்கைக்கோட்டு மன்னருமாகிய இளவெயினனார்க்கு விடுத்த திருமுகம். முத்திரை விழும்வரை வேந்தர் வாய்மொழிந்த யாவும் ஓலையேற வேண்டும் என்னும் நாட்டு முறைப்படி எழுதியவன் ஓலைநாயகம் கூத்தன் மாறன்.

வானத்துக் கோள்கள் அனைவர்க்கும் பொது, தனியொருவர்க்கு அவற்றில் உரிமையில்லை என்று இருவரும் ஒரே இலையில் உண்டு, ஒரே ஓலையில் ஒப்பமிட்டதை வேந்தர் மறந்தாரில்லை. மைத்துனர் மறந்துவிட்டார். நிலத்துக்கு எல்லை வகுக்கப் பிடியானையை நடத்தி, அது நடந்த வழியே கல்லும் கள்ளியும் நாட்டுவது பழைய வழக்கம். வெள்ளிக்கோளின் நிழல் விழுந்த தம் குளத்தைச் சுற்றி அவ்வாறே பிடியை நடத்திவிட்டு, கோள் முழுதும் எமதே என்று அவர் முரசறைவித்தார் எனக் கேட்டு வேந்தர் நகைத்தார். அந்த யானையால் மைத்துனர்க்குக் கிடைத்தவை தவளைகளே என்றும் அருளினார்.

நகை நெடுநேரம் நிற்கவில்லை. வேந்தர் மகள் நங்கைமொழியின் திருமணம் வெள்ளி முகம் காட்டும் மாலையில் என்று குறித்திருக்க, எம் கோளின் ஒளியில் மணவினை செய்ய எம் இசைவு வேண்டும் என்று மைத்துனரின் தூதர் வந்து சொன்னார். மணமகன் வீட்டார் தயங்குகின்றனர். "அவளைத் தோளில் தூக்கி அந்த வெள்ளியை முதன்முதல் காட்டியவரே நீர்தானே, மைத்துனரே" என்ற வேந்தர், இதை மட்டும் எழுத வேண்டா என்றார். அதுவும் எழுதப்பட்டது.

ஆதலால் மணநாளுக்கு முன் கல்லும் கள்ளியும் பிடுங்கப்படுக. கோளுக்கு உரிமை கொண்டாடுவது குழந்தையும் செய்யாத அற்பம் என்பது திருவுள்ளம்.

முத்திரைக்கு அரக்கு உருகுகிறது. அதற்குள் வேந்தர் யானைப்பாகன் பொற்றேவனை அருகழைத்து, நம் அல்லிக்குளத்தில் வியாழக்கோள் தெரியுமா என்று தாழ்ந்த குரலில் வினவினார். அந்தி கழிந்தால் நன்றாகவே தெரியும் என்றான் அவன். வெள்ளி இல்லாவிட்டால் மணத்துக்கு வியாழன் போதும் என்றும், நம் பிடியைக் குளத்தைச் சுற்றி ஒருமுறை நடத்துக என்றும், கள்ளியைச் சிறியதாகப் பார்த்து நடுக என்றும் பணித்தார்.

"யானைக்கு மணி கிடக்கட்டுங்களா, சாமி?" என்று பாகன் கேட்டான்.

கழற்றிவிடுமாறு அருளினார்.

அரக்கு இப்போதுதான் விழுந்தது. இவை கூத்தன் மாறன் எழுத்து.