பாயை எடுக்கச் சொல்ல ஆளில்லாத நாள்

நைனா,

காலையிலிருந்து தெருவெல்லாம் தார் நாற்றம். பழைய ரயில் லைனில் மிச்சமிருந்த ஸ்லீப்பர் கட்டைகளைப் பிடுங்கி, யாரோ வெந்நீர் அடுப்பில் வைத்து எரிக்கிறார்கள். அங்கே ரோடு போடப் போகிறார்களாம். போடட்டும், அந்த லைன் ஒழியட்டும்.

திருவொற்றியூரில் பிரிந்து, நம் குடிசை வாசல்களை உரசிக்கொண்டு, உப்பங்கழி ஓரமாக எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி கேட் வரை போன ஒற்றை லைன். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் வரும் வேகன் சத்தமில்லாமல் வரும். அதனால்தான் நீ சிவப்புக் கொடியோடு முன்னே நடந்தாய். "பாயை எடு, பாயை எடு" என்பாய். தண்டவாளத்துக்கு நடுவே கருவாடு காயவைத்த பெண்கள் உன்னைத் திட்டிக்கொண்டே பாயைச் சுருட்டுவார்கள். கல்யாண ஊர்வலத்துக்குக்கூட நம் தெரு அப்படி வழி விட்டதில்லை.

பிறகு கம்பெனியை மூடினார்கள். உன்னை ராயபுரத்துக்கு மாற்றினார்கள். லைனில் புல் முளைத்தது.

ஒருநாள் நீ வேலைக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுத் தனம் அக்கா வந்தாள். "இன்னா கண்ணு, இனிமே வண்டி வராதா? பாயைப் போட்டுக்கினு அங்கியே குந்தலாமா?"

"வராதுக்கா. நைனாவே சொல்லிச்சு" என்றேன்.

நீ அப்படிச் சொல்லவே இல்லை. "தண்டவாளம் இங்க கீற வரைக்கும் வண்டி வரும்னே வெச்சுக்கோ" என்றுதான் சொல்லியிருந்தாய். கொடிக்காரர் மகள் என்ற மிதப்பில் பேசிவிட்டேன்.

கம்பெனியின் பழைய இரும்பை ஏற்றிப்போக, ஒருநாள் மத்தியானம் காலி வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொடியோடு முன்னே நடக்க ஆள் இல்லை. அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடக்கம் செய்ய முழு உடம்பு கிடைக்கவில்லை.

அவள் மகன் நம் வாசலுக்கு வந்து உன் எதிரே நின்றான். "வண்டி வராதுன்னு நீதான் சொன்னியாம். அத நம்பித்தான் எங்கம்மா குந்துச்சு."

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாய். அவன் உன் முகத்தில் துப்பினான். நீ துடைக்கக்கூட இல்லை. கடைசிவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம், நைனா.

உன் பாடையைத் தூக்கத் தெருவில் ஒருத்தரும் வரவில்லை. அந்தச் சாவு இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது.

தனம் அக்கா மகன் இப்போது காசிமேட்டில் மீன் விற்கிறான். உண்மையைச் சொல்லிவிட மூன்று தரம் போனேன். "இன்னாக்கா வேணும்?" என்று கேட்டான். மூன்று தரமும் கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.