எண்ணூறு மைல் ஓடிய கார்

உம்மாவுக்கு, கண்டியிலிருந்து மகன் சாலிஹ் ஸலாம் சொல்லி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? வாப்பா இறந்த நாற்பதாம் நாள் ஓதிய கத்தத்துக்கும் கார்க் கடையைப் பூட்டாதவன் என்று ஊர் பேசும், பேசட்டும், உண்மைதானே.

பன்வில தோட்டத்துத் துரை இறந்துபோய், அவருடைய பந்தயக் கார் என்னிடம் விலைக்கு வந்தது. இரண்டு பேர்தான் இருக்கலாம். பாய்ச்சலோ குதிரைப் பாய்ச்சல். பழைய காருக்கு மைல் ஏற ஏற விலை இறங்கும். இது மூன்று வருடத்தில் எண்ணூறு மைல்தான் ஓடியிருக்கிறது.

"ஏன் ஓட்டவில்லை?" என்று துரைசாணியிடம் கேட்டேன்.

"வேலை எல்லாம் முடியட்டும், உனக்கு ஊர் சுற்றிக் காட்டுறேன் என்று சொன்னார்" என்றாள்.

நானும் வாப்பாவிடம் அதைத்தானே சொன்னேன். கண்டியைக் காட்டு என்று அவர் கேட்டபோதெல்லாம், வியாபாரம் கொஞ்சம் ஓயட்டும் என்றேன்.

வாப்பாவின் பழைய சாரன் ஒன்றை மக்கீன் மச்சானிடம் கொடுத்தனுப்புங்கள், உடுக்க வேண்டும். தபால் பை கட்டுகிறார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். நீங்கள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் இத்தா முடிய இன்னும் மூன்று மாதம். அதுவரை காரை விற்கமாட்டேன். முடிந்ததும் ரயில் ஏறுங்கள். ரயிலடியில் உங்களை ஏற்றிக்கொண்டு, வாவியைச் சுற்றி, கடுகண்ணாவை வரைக்கும் ஓட்டுவேன். விலை இறங்கினால் இறங்கட்டும்.

சாலிஹ்