வெள்ளை தட்டிய ஊருணி

அண்ணே,

இன்று காலை லாரித் தண்ணீரை வாயில் வைத்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று ஏறியது. துப்பிவிட்டு உன்னைத்தான் திட்டினேன். செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். அதற்காக நேற்று குடத்தோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றவளுக்கு அந்த நியாயமெல்லாம் கிடையாது.

நம் ஊரில் எங்கே கிணறு வெட்டினாலும் உப்புத் தண்ணீர். குடிக்க இருந்தது மழைநீர் தேங்கும் அந்த ஒரு ஊருணிதான். அதைத்தான் பாழாக்கிவிட்டுப் போனாய், படுபாவி.

கோடையில் ஊருணி வற்றினால் அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி உரமாகக் காட்டுக்கு அடிப்பது எல்லோரும் செய்வதுதான். முழங்கால் ஆழம், அதற்கு மேல் கிடையாது. கறுப்பு போய் வெள்ளை தட்டினால் கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீரைப் பிடித்து வைப்பதே அந்தக் கறுப்புக் களிதான் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எல்லோரும் மண்வெட்டியோடு போனார்கள். நீ ஜேசிபியோடு போனாய். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாமா தொண்டை கிழியக் கத்தினார்.

“ஏலே, வெள்ளை தட்டுதுலே! கீழ சுக்காம்பாறை. தண்ணி நிக்காதுலே, நிறுத்து!”

நீ சிரித்தாய். “ஆழம் போனா தண்ணி கூடத்தான மாமா நிக்கும்? நீரு ஆட்டைப் பாரும்.”

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. ஊருணி கரை தொட நிறைந்ததும் ஓடி வந்து, “ஏட்டி, வந்து பாருட்டி!” என்று கூப்பிட்டாய். பத்தே நாள், தரை தெரிந்தது. வெயில் குடிக்கவில்லை, ஊரும் குடிக்கவில்லை. அத்தனையும் பாறை இடுக்கில் இறங்கிப் போயிற்று. நீ கரையில் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகு ஊரில் யாரும் உன்னோடு பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போனபோது கடமைக்கு வந்தார்கள். உன்னைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் கிளம்பியவர்கள் குடத்தோடு தெருமுனையில் நின்றுவிட்டார்கள். “எங்கன போய் எடுக்க? ஊருணியைத்தான் இவனே கொன்னுட்டானே” என்றாள் ஒருத்தி, எல்லோர் காதிலும் விழும்படி. கடைசியில் லாரித் தண்ணீரில்தான் குளித்தாய்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா கத்தியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி நீ முதலில் கையைத் தூக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? நான்தான் கரையிலிருந்து சொன்னேன்.

“அண்ணே, என் காட்டுக்கு இன்னும் நாலு நடை வேணும். வெள்ளையோட கறுப்பும் இன்னும் வருது, ஒரு அடி தோண்டச் சொல்லு.”

அதற்குப் பிறகுதான் நீ மாமாவைப் பார்த்துச் சிரித்தாய். கையை இறக்கினாய். அந்த வருஷம் என் காட்டு உளுந்தைப் போல ஊரில் யார் காட்டிலும் விளையவில்லை.

ஊர் உன்னைக் காறித் துப்பியபோது ஒரு தடவை என் பேரைச் சொல்லியிருக்கலாம் நீ. சொல்லவில்லை. எனக்கு உன் மேல் உள்ள ஆத்திரமே அதுதான். சொல்லித் தொலைத்திருந்தால் என் பங்கை அப்போதே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். பெரிய தியாகி மாதிரி வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போது முழுவதும் என் தலையில்தான் இருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

நேற்று லாரி வந்தபோது, நீர்மாலையன்று பேசினாளே, அவளேதான், என் தோளைத் தொட்டாள்.

“உங்க அண்ணன் செஞ்ச வேலைக்கு நீ என்ன செய்வ, பாவம். முன்னால வந்து பிடிட்டி.”

நான் போய்ப் பிடித்தேன்.