அப்பா போட்ட வாழ்த்து விளம்பரம்

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அட்சயாவுக்கு,

அம்மா எழுதுறன். நாங்கள் சுகம், நீயும் சுகமாய் இருக்கப் பிள்ளையார் துணை எண்டு எழுதித்தான் தொடங்க வேணும், ஆனா உனக்குப் பொய் எழுதக் கை வருகுதில்லை. உடம்புக்கு ஒண்டுமில்லை, மனம்தான் சரியில்லை. நீ எங்கட ரெண்டு பேற்ர நம்பரையும் புளொக் பண்ணிப்போட்டாய், வட்ஸப்பில போட்டதெல்லாம் உனக்குப் போய்ச் சேராமல் ஒற்றைச் சரிக் கோட்டோட நிக்குது, அதுதான் பேனையை எடுத்தனான். சனிக்கிழமையளில நீ அழ அழத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது இதுக்குத்தான் எண்டு நினைச்சு, எழுத்துக் கூட்டியாவது முழுக்க வாசி, பாதியில கசக்கி எறியாதை. நோவா ஸ்கோஷியாவில சரியான ஸ்னோ எண்டு நியூஸில காட்டுறாங்கள், நான் வாங்கித் தந்த தடிச்ச சப்பாத்தைப் போடுறியோ, பழையபடி ரன்னிங் ஷூவோடதான் திரியிறியோ தெரியேல்லை. ஒஷாவாச் சித்தி வீடு குடிபூரலுக்குக் கூப்பிட்டவ, நாங்கள் போகேல்லை. போனால் ஆளாளுக்கு உன்னைப் பற்றித்தான் கேப்பினம், என்ன சொல்லுறது.

எனக்கு விளங்கின அளவில நடந்ததை எழுதுறன், பிழை எண்டால் திருத்து. உங்கட யூனிவர்சிற்றி ஆயுதக் கொம்பனியளில காசு போட்டிருக்கு எண்டு பிள்ளையள் புல்வெளியில கூடாரம் அடிச்சு இருந்ததுகள். செக்கியூரிற்றிக்காரர் அதுகளைக் களவாய்ப் படம் எடுத்துப் பேர் சேர்த்ததை உங்கட ஸ்ருடன்ற் பேப்பரில 'லகூன்' எண்ட பேரில ஒருத்தர் எழுதினது. எழுதினது ஆர் எண்டு யூனிவர்சிற்றி ஒஃபிஸில கேக்க, எடிட்டர் நீ சொல்லமாட்டன் எண்டு நிண்டனி. லகூன் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும். கிறிஸ்மஸ் லீவுக்குப் போக இடமில்லாத பிள்ளை எண்டு விதுர்சனை நீதானே இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனி. மட்டக்களப்பில கல்லடிப் பிள்ளை, ஊர் வாவியை நினைச்சுத்தான் லகூன் எண்டு பேர் வைச்சவனாம், ஸ்ருடன்ற் விசாவில நிக்கிறவன், என்ர நண்டுக் குழம்பை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டுக்கொண்டு, அங்கிள் நான்தான் அது எண்டு எங்கட மேசையில இருந்து சொன்னவன். வீட்டாக்கள் எண்டு நம்பித்தானே சொன்னவன்.

அதுக்குப் பிறகு உன்ர அப்பாவுக்குத் தலை கால் தெரியேல்லை. மகள் பேப்பர் எடிட்டர் எண்டு தான் வேலை செய்யிற பிறம்ரன் வெயாஹவுஸில போறவன் வாறவனுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சவர், அதோட நிண்டிருக்கலாம். பத்மநாதன் அண்ணை நடத்துற தமிழ்ப் பேப்பரில அரைப் பக்கம் எடுத்து, நீ அனுப்பின குறூப் படத்தைப் பெரிசாய்ப் போட்டு, சுத்தவரப் பூ போட்டு வாழ்த்து விளம்பரம் குடுத்திருக்கிறார். எங்கட சனத்தின்ர வழக்கம் உனக்குத் தெரியாததே, மரண அறிவித்தல் எண்டாலும் பிறந்தநாள் வாழ்த்து எண்டாலும் ஊர், தகப்பன் பேர், கூப்பிடுற பேர் எல்லாம் போடாட்டில் சரிவராது. படத்தில நிக்கிற ஒரு பிள்ளையின்ர பேரை விட்டாலும் பெத்ததுகளின்ர மனம் நோகும் எண்டு, விதுர்சனுக்குக் கீழ 'கல்லடியைச் சேர்ந்த திரு. திருமதி கனகசிங்கம் கோணேஸ்வரி தம்பதியரின் புதல்வன், லகூன் என்ற பெயரில் எழுதும் இளம் எழுத்தாளர்' எண்டு போட்டிருக்கிறார். நான் ஏன் பாத்துத் தடுக்கேல்லை எண்டு கேப்பாய். அச்சில வந்த பிறகுதான் கொண்டுவந்து நீட்டினவர், எனக்குச் சப்பிறைசாம். அதுக்குள்ள பத்மநாதன் அண்ணை பேஸ்புக்கிலயும் போட்டிட்டார், ஆரோ ஒரு புண்ணியவான் அதை ஃபோனில இங்கிலீசாக்கி உங்கட யூனிவர்சிற்றி ஒஃபிஸுக்கு அனுப்பிப்போட்டான், அதை வைச்சுத்தான் இப்ப விசாரணை வைக்கினம்.

நான் உன்ர அப்பாவை வாயில வந்தபடியெல்லாம் பேசினன். யாழ்ப்பாணத்தில அவர் கம்பஸில படிக்கேக்க, சுவரில நோட்டீஸ் ஒட்டினது ஆர் எண்டு ஆமி வந்து கேட்டால் ஒரு பெடியன் வாய் திறக்கிறேல்லையாம், அவரையும் ரெண்டு நாள் கொண்டுபோய் வைச்சிருந்தவங்கள். அப்பிடி இருந்த மனுசன் இஞ்சை வந்து சொந்தக் காசு குடுத்து ஒரு பிள்ளையின்ர பேரைப் போட்டிருக்கிறாரே. நான் கேட்டதுக்கு அவர் என்ர பேரைக் கூப்பிட்டுச் சொன்ன மறுமொழி, 'குணம், இது கனடாதானே' எண்டது மட்டும்தான். இந்த நாட்டில எழுதினவன் தன்ர பேரை ஒளிக்கத் தேவையில்லை எண்டு அவர் உண்மையாய் நம்பியிருக்கிறார் பிள்ளை, பவிசு பாதி, அந்த நம்பிக்கை பாதி.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிப்போட்டுக் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். மார்க்கம் றோட்டிலயும் எக்ளின்ரனிலயும் உள்ள தமிழ்க் கடை எல்லாம் ஏறி இறங்கி, வாசலில சும்மா எடுக்க அடுக்கி வைச்சிருக்கிற பேப்பரை முழுக்க அள்ளிக்கொண்டு வந்து கராஜுக்குள்ள குவிச்சிருக்கிறார். மீன்கடைக்காரர் அதைப் பாத்து, அண்ணை மகளின்ர படம் வந்த சந்தோசத்தில எல்லாத்தையும் வீட்டை கொண்டுபோறார் எண்டு கைகுடுத்தவராம். இவரும் சிரிச்சுக்கொண்டு கைகுடுத்திட்டு வந்திருக்கிறார். போன வருசம் உங்கட பேப்பர் அடுக்கை ஆரோ பிடிக்காதவங்கள் கம்பஸ் முழுக்க அள்ளிக் குப்பையில போட்டது எண்டு நீ ஃபோனில அழுதாய், நினைவிருக்கோ. கராஜ் கதவைத் திறந்து பாத்தன், அந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

விதுர்சன்ர தாய் கோணேஸ்வரி கல்லடியில இருந்து கோல் எடுத்தவ. திட்டுவா எண்டு நினைச்சுத்தான் எடுத்தனான். அவ திட்டேல்லை. தம்பிய பிளேனில ஏத்தி அனுப்பிருவாங்களா அக்கா எண்டு மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டா. கம்பஸால நிப்பாட்டினால் விசாவும் போயிடும், திரும்பி வந்தால் இஞ்ச ஆர் வந்து என்ன கேப்பாங்களோ எண்டும் சொன்னா. உங்கட மகளிட்டச் சொல்லுங்க, அவன் இல்லை எண்டு சொல்லச் சொல்லுங்க எண்டா. நானும் ஒரு தாய்தானே. என்ர மகள் உங்கட மகன்ர பேரைச் சொல்லமாட்டாள் எண்டு உன்னைக் கேக்காமலே வாக்குக் குடுத்திட்டன். குடுத்துப்போட்டு ஃபோனை வைச்ச பிறகுதான் யோசிச்சன், நீ சொல்லாட்டில் உனக்கு என்ன நடக்கும் எண்டும் எனக்குத் தெரியாது.

பேந்து உன்ர அறையில இருக்கிற மெலனி கோல் எடுத்துச் சொன்னாள், வாற கிழமை விசாரணையில லகூன் நான்தான் எண்டு நீ சொல்லப்போறியாம். ஐயோ என்ர குஞ்சு, உனக்கென்ன விசரே. கடைசி வருசம், இன்னும் ரெண்டு மாசத்தில படிப்பு முடியுது. நீ அப்பிடிச் சொன்னால் எழுதினதுக்கும் மறைச்சதுக்கும் சேர்த்து உன்னைக் கம்பஸால நிப்பாட்டிப்போடுவாங்கள். எனக்குக் கோபம் வருகுது, ஆனா நான் பெத்தது இப்பிடித்தான் செய்யும் எண்டும் தெரியும். அம்மா சொல்லுறதைக் கேள், அவன்ர பேரையும் சொல்லாதை, உன்ர பேரையும் குடுக்காதை. வாயை மூடிக்கொண்டு இரு, அதுக்கு அவங்கள் தாறது எதுவோ, நாங்களும் சேர்ந்து தாங்குறம். அவையளிட்டை இருக்கிற சாட்சி அப்பாவின்ர விளம்பரம் ஒண்டுதானாம், விதுர்சனும் இன்னும் ஒண்டையும் ஒத்துக்கொள்ளேல்லை எண்டு மெலனி சொன்னவள்.

அதைக் கேட்ட பிறகுதான் அப்பா ஒரு முடிவுக்கு வந்தவர். அதே பேப்பரில, அதே அரைப் பக்கத்தில, தன்ர படத்தைப் போட்டு மன்னிப்புக் கேக்கப் போறாராம். லகூன் எண்டு எழுதினது தன்ர சொந்தக் கற்பனை, மகளின்ர கூட்டாளியைப் பெரிசாக்கிக் காட்டப் புளுகினது, ஒருத்தரும் தனக்கு அப்பிடிச் சொல்லேல்லை எண்டு எழுதி வைச்சிருக்கிறார். கோயில் நிர்வாகசபையில கணக்குக் குடுத்த மனுசன், ஒரு சதம் பிழைச்சால் படுக்காத மனுசன், ஸ்ரீஸ்கந்தராசா ஒரு புளுகன் எண்டு ஊர் முழுக்கச் சிரிக்கட்டும் எண்டுறார். அது பொய்தான், எனக்கும் தெரியும். உண்மையைப் போடத்தான் பேப்பர் நடத்துறம் எண்டு நீ சொல்லுறனி, உனக்கு இது பிடிக்குமோ தெரியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பத்மநாதன் அண்ணை இடம் வைச்சிருக்கிறார், ஆனா இவர் இன்னும் குடுக்கேல்லை. போனமுறை உன்னைக் கேக்காமல் போட்டது போதும், பிள்ளை சொல்லாமல் ஒரு எழுத்தும் அச்சுக்குப் போகாது எண்டு பிடிவாதமாய் நிக்கிறார். அவர் எழுதினதை இதோட மடிச்சு வைச்சிருக்கிறன். நீ வெட்டித் திருத்த வேணும் எண்டு வரிக்கு வரி இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார். முழுக்க வேண்டாம் எண்டால் குறுக்க ஒரு கோடு போட்டு ஃபோனில படம் எடுத்து அனுப்பு, அதையும் ஏற்பாராம், எடிட்டர் அவள்தானே எண்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. விதுர்சனைத் தனிய விடாதை, அவனுக்கும் சேர்த்துச் சமை, பாசலில மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் ரெண்டு பங்காய்த்தான் வைச்சிருக்கிறன். உன்ர பேரிலயும் அவன்ர பேரிலயும் ஒண்டாய் அருச்சனை செய்தனான், ஐயர் அவன்ர நட்சத்திரம் கேக்க எனக்குத் தெரியாமல் போச்சு, கேட்டு அனுப்பு. பிள்ளையார் உங்கள் ரெண்டு பேரையும் ஒரு குறையுமில்லாமல் வைச்சிருக்கட்டும். என்னோட கோபமெண்டால் இருக்கட்டும், அப்பாவின்ர நம்பரை மட்டும் திறந்து விடு. அவர் வேலையால வந்து சப்பாத்தும் கழட்டாமல் ஃபோனை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறார்.

எப்பவும் உன்னையே நினைச்சுக்கொண்டிருக்கிற
அம்மா குணவதி